கொட்டைக்கனி மரங்கள்: ஒரு பேரினமா, பலவா?

வாதுமையை உண்பவர் கொட்டையை உடைத்துப் பருப்பைக் கொள்வர். பீச்சுக் கனியை உண்பவர் சதையைச் சுவைத்துக் கொட்டையை எறிவர். இவ்விரண்டும் நெருங்கிய உறவின என்றால் பலர் வியப்பர். ஆயினும் மரநூலார் இவற்றையும், பிளம், ஆப்ரிக்காட், செர்ரி ஆகியவற்றையும் ரோசாக் குடும்பத்துப் புரூனசு என்னும் ஒரே பேரினத்துள் அடக்குவர். இது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

1700இல் தூர்ணபோர் இவற்றை ஆறு பேரினங்களாகப் பிரித்தார். 1753இல் லின்னேயசு இரண்டாகச் சுருக்கினார். வாதுமையும் பீச்சும் அமிக்டலசு ஆயின, ஏனையவை புரூனசு ஆயின. 1865இல் பெந்தாமும் ஊக்கரும் யாவற்றையும் ஒன்றாக்கினர். ஆனால் சோவியத்து நாட்டுத் தாவரத் தொகுதி 1941இலும், சீனத் தாவரத் தொகுதி 2003இலும் மீண்டும் பலவாகவே பிரித்தன.

லின்னேயசின் கண் கூரியது. வாதுமையின் சதை உலர்ந்து போவதையும் பீச்சின் சதை சாறு நிறைந்திருப்பதையும் கண்டு அவர் மயங்கவில்லை. இரண்டின் கொட்டை ஓட்டிலும் உள்ள குழிகளைக் கண்டு உறவறிந்தார். அவர் தவறியது வேறிடத்தில். அவ்விரண்டையும் பிளம்மிலிருந்து விலக்கிவிட்டு, செர்ரியைப் பிளம்முடன் நிறுத்தினார். மரபணு ஆய்வு காட்டுவதோ இதற்கு மாறானது: பிளம்முக்குச் செர்ரியைவிட வாதுமையே நெருங்கிய உறவு.

2013இல் வெளிவந்த ஆய்வு இப்பேரினத்துள் மூன்று துணைப் பேரினங்களையே கொண்டது. அவை பூக்கள் அமையும் முறைக்கு இசைந்தவை. பிளம், ஆப்ரிக்காட், பீச்சு, வாதுமை ஆகியவற்றில் பூக்கள் தனித்தோ ஒரு சிலவாகவோ தோன்றும். செர்ரியில் சிறு கொத்தாகும். மூன்றாம் பிரிவில் நீண்ட காம்பில் வரிசையாக அமையும். கனி மறைத்த உறவைப் பூ காட்டுகிறது.

அம்மூன்றாம் பிரிவு நம் நாட்டோடும் தொடர்புடையது. 1788இல் கேர்ட்னர் பைசியம் எனத் தனிப் பேரினமாக்கிய வெப்பநாட்டு மரங்களை, 1965இல் கல்க்மன் புரூனசுடன் சேர்த்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காட்டில் வளரும் புரூனசு பாலிசுடாக்கியா இவ்வகையது. குளிர்நாட்டு மரங்களே இப்பேரினம் எனக் கற்பிப்பது ஆகவே பிழையாகும்.

தெருவோரக் கெத்தாப்பாங் மரத்தை நாட்டு வாதுமை என்கிறோம். அது கடுக்காய்க்கு இனம், வாதுமைக்கு உறவன்று. பெயரால் உறவு கொண்டாடப்படும் மரம் உறவில்லாததாகவும், உண்மை உறவு காட்டினுள் பெயரறியப்படாமலும் நிற்கின்றன. மாணவர்க்குத் தாவரநூல் எழுதுவோர் இவ்வேறுபாட்டை விளக்குவது கடனாகும்.