விக்கிரமங்கலத்து வானுக்கு எந்தத் தொலைநோக்கி?

முதல் தொலைநோக்கி வாங்க நினைப்பவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை லண்டனிலும் நியூயார்க்கிலும் நின்று வானம் பார்ப்பவர்கள் எழுதியவை. நம் ஊர்க் கடைக்காரரும் அவற்றையே ஒப்பிக்கிறார். அவை பொய்யல்ல. ஆனால் நாற்பது, ஐம்பது டிகிரி வட அட்சரேகையில் நிற்பவரின் வானம் வேறு. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில், 11 டிகிரியில் நிற்பவரின் வானம் வேறு. அட்சரேகையைக் கணக்கில் எடுக்காமல் கருவியை எடைபோட்டால் தீர்ப்பு தவறிவிடும்.

இங்கே கோள்களின் பாதை கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே போகிறது. அந்தப் பாதையின் தென்கோடியில் இருக்கும்போதுகூட ஒரு கோள் விக்கிரமங்கலத்தில் 55 டிகிரி உயரம் ஏறிவிடும். லண்டனில் அதே கோள் 15 டிகிரியோடு நின்றுவிடும். அடிவானத்துக் காற்றின் அலைக்கழிப்பில் அதன் உருவமும் கலங்கித் தெரியும். தெற்கே நமக்கு அகத்திய நட்சத்திரம் உண்டு, தென்சிலுவை உண்டு, வானின் மிகப் பெரிய நட்சத்திரக் கோளக்கொத்தான ஒமேகா சென்டாரி உண்டு. கொள்ளிடம் வரை பெருநகர் எதுவும் இல்லாததால் தென்திசை இருட்டாகவும் இருக்கிறது. இத்தனை வரவுக்கு ஒரே ஒரு செலவு: துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த ஒரு முஷ்டி உயரம்தான். ஒரு பனைமரமோ பக்கத்து வீட்டு மாடியோ அதை மறைத்துவிடும்.

இந்த அனுகூலத்தை வானியலாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 1867இல் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டறிந்த ஒளிமாறும் விண்மீன், ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத ரெட்டிகுலம் என்ற தென்வான மண்டலத்தைச் சேர்ந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கும், 1986இல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டதற்கும் பின்னால் இதே கணக்கு இருந்தது: பன்னிரண்டரை டிகிரியில் நின்றால் வடவானமும் கிடைக்கும், தென்வானமும் கிடைக்கும். விக்கிரமங்கலம் காவலூருக்கும் ஒன்றரை டிகிரி தெற்கே இருக்கிறது.

ஆகவே கருவியிடம் கேட்க வேண்டியவை மூன்று. இந்த வானத்தில் உச்சி முதல் தென்னடிவானம் வரை அது திரும்புமா? புதியவர் கையில் ஆடாமல் நிற்குமா? இந்த மண்ணின் தூசிக்கும் ஈரத்துக்கும் தாங்குமா?

முதலில், கடைகளில் மிடுக்காகக் காட்சி தரும் ஈக்வடோரியல் தாங்கி. எடைக்கட்டை, பற்சக்கரம், அளவு வட்டங்கள் என்று அறிவியல் கூடத்துக் கருவி போலவே இருக்கும். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை விதி. இங்கே அந்த அச்சைத் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாய்க்கிற அளவுக்குத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. பல சிறிய தாங்கிகளில் அப்படித் தாழ்த்தினால் எடைக்கட்டையின் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். குறிபார்க்க வேண்டிய நட்சத்திரமோ மரத்துக்குப் பின்னால். லண்டன்காரருக்கு உதவும் அமைப்பு இங்கே முட்டுக்கட்டை ஆகிறது.

இந்த வகையில் அதிகம் விற்பது செலஸ்ட்ரான் பவர்சீக்கர் 127இக்யூ. அதற்கு இன்னொரு குறையும் உண்டு. கோளக் கண்ணாடியின் பிழையைச் சரிக்கட்ட உள்ளே ஒரு திருத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதனால் கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது புதியவருக்குப் பெரும்பாடு. கூடவே வரும் 4 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் சேர்த்தால் 750 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஆனால் ஒரு தொலைநோக்கியின் பயனுள்ள உருப்பெருக்கம், விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்குதான். 127 மி.மீ.க்கு 254 மடங்கு. அதற்கு மேல் தெரிவதெல்லாம் மங்கிய பெருக்கம். பெட்டியின் மேல் உருப்பெருக்கத்தை முதலில் அச்சிட்டிருக்கும் எந்தக் கருவியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்தது 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எடை குறைவு, குழாய் மூடியிருப்பதால் தூசி உள்ளே போகாது, கண்ணாடி நேர்ப்படுத்தும் வேலை இல்லை. நிலவின் பள்ளங்கள், வியாழனின் பட்டைகள், சனியின் வளையம் எல்லாம் காட்டும். 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளைக் கண்ட கலிலியோவின் கருவியைவிட இது எவ்வளவோ மேல். சிக்கல் லென்ஸில் இல்லை, முக்காலியில் இருக்கிறது. மெல்லிய அலுமினியக் கால்கள், தொட்டால் சில நொடி நடுங்கும். உச்சியை நோக்கித் திருப்பினால் குழாய் காலில் முட்டும். நம் கோள்கள் உச்சியில்தான் உலவுகின்றன என்பதால் இந்தக் குறை இங்கே இரட்டிப்பாகிறது.

பைனாகுலருக்கு வருவோம். 10x50 அளவுள்ளது, அதாவது பத்து மடங்கு உருப்பெருக்கமும் 50 மி.மீ. லென்ஸும் கொண்டது, போதும். சனியின் வளையத்தைப் பிரித்துக் காட்டாது. கையில் பிடித்தால் ஆடவும் செய்யும். ஆனால் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்தால் உச்சிவானம் முழுக்க வசமாகும். கார்த்திகைக் கொத்து ஒரே பார்வையில் அடங்கும். தெற்கே ஒமேகா சென்டாரி பஞ்சுருண்டையாகத் தெரியும். பகலிலும் சும்மா கிடக்காது: பட்டைத்தலை வாத்துகள் வலசை வரும் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. விலைக்குக் கிடைக்கும் பயனை வைத்துப் பார்த்தால் இதை வெல்ல எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் இது தொலைநோக்கி ஆகாது. சனியைப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளையிடம் பைனாகுலரைக் கொடுத்தால் முகம் வாடும்.

எஞ்சுவது மேசைமேல் வைக்கும் டாப்சோனியன். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்து மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன் வகுத்த எளிய வடிவம் இது: ஒரு குழாய், ஒரு குழிக்கண்ணாடி, சுழலும் மரப்பெட்டி. துருவ நட்சத்திரம் தேவையில்லை, எடைக்கட்டை தேவையில்லை. மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளினால் போதும். ஸ்கை-வாட்சர் ஹெரிடேஜ் 130பி இந்த வகையில் உலகெங்கும் பெயர் வாங்கியது. 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத்தூரம், கூடவே வரும் ஐபீஸ்கள் 26 மடங்கும் 65 மடங்கும் தருகின்றன. ஒளி திரட்டும் பரப்பு 70 மி.மீ. கருவியைவிட மூன்று மடங்குக்கு மேல்.

வேறுபாட்டை உரசிப் பார்க்க ஒமேகா சென்டாரியே உரைகல். மே நடுவில் இரவு பத்து மணிக்கு அது நேர் தெற்கே 31 டிகிரி உயரத்தில் நிற்கும். 70 மி.மீ.யில் அது ஒளிப்புகை. 130 மி.மீ.யில் அந்தப் புகை மணல் மணலாக உடைந்து நட்சத்திரங்களாகத் தெரியத் தொடங்கும். லண்டன்காரரின் அடிவானத்துக்கு மேலே வரவே வராத காட்சி இது.

டாப்சோனியனுக்கு எதிரான வாதங்களையும் கேட்போம். குழாய் திறந்திருப்பதால் தூசி படியும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் லாரிகளும் உள்ள மாவட்டத்தில் இது சிறு குறை அல்ல. ஆனால் படிந்த தூசி காட்சியை அவ்வளவாகக் கெடுக்காது. அதைத் துணியால் துடைப்பதுதான் கண்ணாடியின் பூச்சைக் கீறும். துடைக்காதீர்கள், மூடி வையுங்கள். மார்கழி ஈரத்துக்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அவ்வப்போது கண்ணாடியை நேர்ப்படுத்த வேண்டும். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். நேர் உச்சியில் இருக்கும் பொருளைத் தொடர்வது கடினம். ஒரு மணி நேரம் பொறுத்தால் அது 15 டிகிரி இறங்கிவிடும். உறுதியான மேசை வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. பகல் வெயிலில் காய்ந்த மொட்டை மாடி இரவிலும் வெப்பம் கக்கிக் காட்சியைக் கலக்கும், அதனால் கோடையில் மண்தரைதான் நல்லது. அடிப்பெட்டி உடைந்தால் உள்ளூர்த் தச்சர் பிளைவுட்டில் செய்து தருவார். ஈக்வடோரியல் பற்சக்கரம் உடைந்தால் அப்படி யாரைத் தேடுவது?

எட்டு அங்குல டாப்சோனியன் இன்னும் அதிகம் காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தூக்கி வெளியே வைக்கச் சலிப்பாகும் கருவி மூலையில்தான் நிற்கும். அதைப் பள்ளிக்கூடமோ மன்றமோ வாங்கட்டும். கைபேசியில் படம் காட்டும் தானியங்கித் தொலைநோக்கிகள் நல்ல கேமராக்கள். வானத்தில் வழி கண்டுபிடிக்க அவை கற்றுத்தருவதில்லை.

தீர்ப்பு இதுதான். பத்தாயிரத்துக்குள் செலவு என்றால் தொலைநோக்கியே வேண்டாம், 10x50 பைனாகுலர் வாங்குங்கள். ஒரு நடுத்தரக் கைபேசியின் விலை கொடுக்க முடியுமானால் 130 மி.மீ. மேசை டாப்சோனியன். உறவினர் யாரேனும் 70 மி.மீ. கருவியைப் பரிசளித்தால் மறுக்க வேண்டாம், முக்காலியை மட்டும் மாற்றுங்கள். ஈக்வடோரியல் தாங்கியில் வரும் மலிவுக் கருவி விக்கிரமங்கலத்துக்கு எந்த விலையிலும் வேண்டாம். கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடக்கும். அன்றைக்கும் சரி, என்றைக்கும் சரி, குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் எந்தக் கருவியையும் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி கருவியோடு வந்திருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.