ஒரே பாஷை என்னும் யோசனை

பேச்சு வராத குழந்தையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோரிடம், "இரண்டு பாஷை பேசிக் குழப்பாதீர்கள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தானே, வீட்டிலும் அதையே பேசுங்கள்" என்று ஆசிரியைகளும் சில வைத்தியர்களும் கூறும் யோசனை, நல்லெண்ணத்தில் பிறந்ததே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காது நன்றாகக் கேட்டும், புத்தி குன்றாதிருந்தும், வாக்கியம் அமைக்கவும் பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும் திணறும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர் என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஒன்றுக்கே தவிக்கும் அத்தகைய பிள்ளையின் தலையில் இரண்டைச் சுமத்துவானேன் என்ற கேள்வி நியாயமாகவே தொனிக்கிறது. பாஷையைக் கேட்கக் கேட்கத்தான் தேர்ச்சி வளரும் என்பதும், பயிற்சி அளிப்பவருக்குக் குழந்தையின் தாய்பாஷை தெரியாத இடங்கள் உண்டு என்பதும் மெய்யே.

எனினும், இரண்டு பாஷை சுமையாகிறது என்ற அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது. கனடாவில் ஜொஹான் பாரடிஸும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரெஞ்சும் இங்கிலீஷும் பேசி வளர்ந்த, மொழிக் குறைபாடுள்ள ஏழு வயதுக் குழந்தைகள், அதே குறைபாட்டோடு ஒரு பாஷை மட்டும் பேசிய குழந்தைகளைவிட வினைச்சொல்லில் காலங்காட்டுவதில் அதிகம் பிழை செய்யவில்லை என்று கண்டார்கள். இருபாஷைக் குழந்தைகள் எட்டே பேர், சிறிய ஆராய்ச்சிதான். ஆயினும் பின்வந்தவையும் பெரும்பாலும் அதன் பக்கமே நிற்கின்றன.

இந்த யோசனையின் பெருங்குறையை வீட்டில்தான் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் சோறூட்டும் தாய், "அதோ பாரு, காக்கா உன் சோத்தைக் கேக்குது, அதுக்கு ஒரு வாய் குடுப்பமா, வேண்டாம், நீயே தின்னுடு" என்று தன் போக்கில் பொழிந்துகொண்டிருந்தவள், யோசனைக்குக் கட்டுப்பட்டு, "லுக், க்ரோ! ஈட், ஈட்!" என்று சுருங்கிவிடுகிறாள், பாட்டியோ வாயே திறப்பதில்லை. அதிகம் கேட்க வேண்டிய குழந்தைக்குக் கேட்பதே குறைந்துபோகிறது. இங்கிலீஷ் சரளமாகப் புழங்கும் வீடுகளுக்கு இந்த நஷ்டம் இல்லை. அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை?

தவிர, மெய்யான குறைபாடு குழந்தையின் இரு பாஷைகளிலும் தலைகாட்டும். தமிழில் தாராளமாகப் பேசி இங்கிலீஷில் மட்டும் தயங்கும் பிள்ளைக்கு வேண்டியது பழக்கமே, சிகிச்சை அன்று. தமிழைச் சோதியாமலே முடிவு கட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை எங்ஙனம் அறிவார்கள்?

ஆகவே, செவிப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் தாமதமின்றி நடக்கட்டும். வீட்டுப் பாஷையை நிறுத்தச் சொல்ல எண்ணுகிற நிபுணர் மட்டும், அதற்கு முன், அந்தத் தாய் பேசும் இங்கிலீஷை ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.