செனுபோ முகமூடிகள்: ஆடுகளமும் கண்ணாடிப் பேழையும்

மேற்கு ஆபிரிக்காவிலே கோற் டிவ்வாரின் வடபாகத்திலும், அதனை அடுத்த மாலி, புர்க்கினா பாசோ ஆகிய நாடுகளின் பகுதிகளிலும் வாழும் வேளாண் மக்கள் செனுபோ எனப்படுவர். அவர்தம் மர முகமூடிகள் உலகின் பெரிய நூதனசாலைகள் பலவற்றில் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் போற்றுவார் பலர். எனினும், பேழையுட் கண்டு போற்றுவோர் கண்டது அக்கலையின் ஒரு பாதியே.

அம்முகமூடிகளுட் புகழ்மிக்கது கிபெலியே. முட்டை வடிவான சிறுமுகம், பாதி மூடிய கண்கள், மெலிந்து நீண்ட நாசி, முன்தள்ளிய சிறுவாய், கன்னங்களிலே தழும்புக் கோடுகள், தலைமேற் கொம்புகள், இருமருங்கும் தகடுபோன்ற நீட்சிகள் என்பன அதன் உறுப்புக்கள். இடமும் வலமும் ஒத்தமைந்த அதன் ஒழுங்கு கண்ணைக் கவர்வது. ஆயின், பெண்முகமாகிய அதனை அணிபவன் ஆண்மகன் என்பதைப் பேழை உணர்த்துவதில்லை. போரோ என்னும் சங்கத்தைச் சேர்ந்தோர் ஈமச்சடங்கிலே அதனை அணிந்து ஆடுவர். இறந்தோரின் உயிர் ஊரை நீங்கி முன்னோரைச் சேர்தல் வேண்டும் என்பதே சடங்கின் நோக்கம். உடல் மறைக்கும் ஆடையும் இசையும் அசைவும் கூடியவிடத்தே அச்சிறுமுகம் நிறைவுறுகின்றது.

இதற்கு முற்றிலும் மாறானது கிபொன்யுகு என்னும் தலைக்கவச முகமூடி. பிளந்த தாடைகளும் பற்களும் கொம்புகளும் ஒன்றுகூடிய அவ்விலங்குருவம் தீய ஆற்றல்களை வெருட்டுவது. வடிவம் ஒன்றையே நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒரு மரபின என்று தோன்றா. ஆயினும் இரண்டும் ஈமக்களத்துக்கு உரியன. ஆகவே இக்கலையின் ஒருமை உளியின் பாணியிலன்று, சடங்கின் பயனிலே உள்ளது.

1950ஆம் ஆண்டை ஒட்டி மாசா என்னும் புதிய வழிபாட்டியக்கம் பரவியபோது, பழைய உருவங்கள் பல கைவிடப்பட்டன. அவற்றுட் சில சேகரிப்போர் கைப்பட்டு ஐரோப்பா சென்றன. 1963இல் நியூயோர்க்கில் ரொபேட் கோல்ட்வோட்டர் அமைத்த காட்சி செனுபோ சிற்பத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. 2015இற் கிளீவ்லாந்து நூதனசாலையில் நிகழ்ந்த காட்சியோ, செனுபோ பாணி என்னும் வரையறையே குடியேற்றக் காலத்து எழுத்தாளராலும் சேகரிப்போராலும் பெரிதும் உருவாக்கப்பட்டது எனச் சுட்டி, அதனை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

சொந்த ஊரிற் கைவிடப்பட்டது அயலூரில் அரும்பொருளாயிற்று. அதனாற் காக்கப்பட்டது மரம், இழக்கப்பட்டது ஆட்டம். இவ்விழப்பை மறந்து மரத்தின் அழகை மட்டும் எடைபோடுவது திறனாய்வாகாது. பேழைமுன் நிற்போன் காணவேண்டுவது முகத்தை மட்டுமன்று. அதன்பின் நின்று ஆடிய மனிதனையும், அவன் யார்பொருட்டு ஆடினான் என்பதையுமாம்.