டால்பி பட்டனும் ஒரு படுகு கேசட்டும்

பழைய கேசட் கேட்க எந்த போர்ட்டபிள் பிளேயர் வாங்கலாம்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "டால்பி இருக்கான்னு பாருங்க." நானும் அதை நம்பித்தான் சோனி டபிள்யூஎம்-டி6சி வாக்மேன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கினேன். 1984-இல் வந்த மாடல், டால்பி பி, சி இரண்டும் உண்டு. இப்போது அந்த அறிவுரை பாதிதான் சரி என்று தோன்றுகிறது.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேசட். 1986-இல் அவலாஞ்சியில், மாமாவின் மின்வாரிய குவார்ட்டர்ஸில், ஒரு டூ-இன்-ஒன்னில் பதிவானது. ஹெத்தெ (பாட்டி) படுகு மொழியில் கதை சொல்கிறார். பின்னால் தகரக் கூரை மேல் மழை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டிய ஊர் அது, மழை இல்லாமல் பதிவு கிடைக்காது!

பாசம் ஒரு பக்கம். இன்னொரு காரணமும் இருக்கு. மொழியியலாளர் எமனோ 1939-இல் படுகு உயிரொலிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாக்கை மடித்துச் சொல்லும் உயிர்கள், அதிலும் மடிப்பில் இரண்டு அளவு. உலக மொழிகளில் இது மிக அபூர்வம். எனக்கு அந்த வித்தியாசம் வாயில் வருவதில்லை. ஹெத்தெக்கு வந்ததா? சொல்ல இந்த டேப் மட்டும்தான் மிச்சம்.

டால்பி பட்டனைப் போட்டதும் 'உஸ்ஸ்' அடங்கியது. கூடவே ஹெத்தெயின் குரலும் கம்பளிக்குள் போய்விட்டது.

காரணம் எளிது. டால்பி ஒரு வடிகட்டி இல்லை, ஒரு ஒப்பந்தம். பதிவாகும்போதே மெல்லிய உயர் அதிர்வெண் ஒலிகளை அது தூக்கி வைக்கும். டால்பி பி என்றால் 5000 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 10 டெசிபல். கேட்கும்போது அதே அளவு இறக்கும். ஒலி பழைய நிலைக்கு வரும், டேப்பின் இரைச்சல் மட்டும் கூடவே இறங்கிவிடும். நம்ம டூ-இன்-ஒன்னில் டால்பி ஏது? தூக்காததை இறக்கினால் குரல்தான் அடிவாங்கும். நாக்கு மடிவதைக் காட்டும் மூன்றாம் ஃபார்மன்ட் 2000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது; டால்பியின் கை அங்கேயும் நீளும்.

ஆக, டால்பியில் பதிவான கேசட்டுகள் உங்களிடம் இருந்தால் டால்பி பிளேயர் தேவை. வீட்டு டூ-இன்-ஒன் பதிவுகளுக்கு அந்தப் பட்டனால் பயனில்லை. ஃபியோ சிபி13 மாதிரி இப்போது வரும் புதிய பிளேயர்களில் டால்பி இல்லை என்பதை ஒரு பெரிய குறையாகச் சொல்வதும் இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

அப்போ எதைப் பார்க்கணும்? முதலில் வேகம் சீராக ஓடுதா. மோட்டார் தள்ளாடினால் குரலும் தள்ளாடும். அடுத்தது ஹெட்டின் கோணம், அசிமத். ஹெட் டேப்புக்குச் செங்குத்தாக இல்லையென்றால் உயர் ஒலிகள் முதலில் போகும். பக்கத்திலுள்ள சின்ன ஸ்க்ரூவை, மோனோவில் கேட்டுக்கொண்டே, மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்றுகூட இல்லை. அதில் கிடைத்த தெளிவு எந்தப் பட்டனிலும் கிடைக்கவில்லை.

கணினியில் இரைச்சல் நீக்கும் மென்பொருளையும் விட்டு வைக்கவில்லை. அது மழையை அழகாக அழித்தது. 'ச', 'ஹ' ஒலிகளையும் சேர்த்தே அழித்தது. மழைக்கும் 'ஹ'வுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியவில்லை. இதே துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இப்போது எதையும் நீக்காத நகல் ஒன்றை முதலில் எடுத்து வைத்துவிட்டேன். சோதனை எல்லாம் அதன் பிரதியில்தான்.

மூன்று சொற்களில் மடிப்பு எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கேட்க ஆசைப்படுகிறவன் காது அது, நம்ப முடியாது. ஹட்டியில் உள்ள வயதானவர்கள் சிலரிடம் போட்டுக் காட்டப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் 80-களின் கேசட் ஏதாவது இருந்தால், பிளேயர் தேடுவதற்கு முன் அதன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. மலைக் காற்றில் பூஞ்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்டாதீர்கள்.