தலைமேல் ஒரு நட்சத்திரம்

கர்நாடக சங்கீதப் புத்தகங்களில் சில சுரங்களின் தலைமேல் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். தாய் ராகத்தில் இல்லாத சுரம் இது, அன்னிய சுரம் என்று அர்த்தம். இப்படிப்பட்ட சுரம் வரும் ராகம் பாஷாங்கம்.

காம்போதி ராகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, அரிகாம்போதியில் பிறந்தது. 'நி' சுரத்தின் ஒரு வகையான கைசிகி நிஷாதம்தான் அதற்குச் சொந்தம். ஆனால் 'ச நி ப த ச' என்ற பிடியில் இன்னொரு வகையான காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும். மூலக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் அந்தப் பிடியை வாசித்தபோது சாப்பாட்டுப் பந்தியிலிருந்தே தலையாட்டினேன். அந்த ஒரு நிஷாதம் இல்லாவிட்டால் காம்போதிக்குப் பாதி அழகு போய்விடும். பிலகரியில் இது நேர்மாறு: காகலி வீட்டுக்காரர், கைசிகி விருந்தாளி.

இதுபோன்ற வேலைக்கு, கீபோர்டு படிக்கும் பிள்ளைகளுக்கு ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் குறிகள் உண்டு. சுரத்துக்கு முன்னால் போட்ட குறி, அந்தக் கட்டத்தை முடிக்கும் செங்குத்துக் கோடு வரை, அதே ஸ்தாயியில் செல்லும். கோட்டைத் தாண்டினால் மறுபடி போட வேண்டும். துல்லியமான ஏற்பாடு! நம் நட்சத்திரமோ தான் நிற்கும் எழுத்துக்கு மட்டும்தான். சுரத்தை எவ்வளவு அசைப்பது என்பதையும் அது சொல்லாது. அதற்காகத்தான் 1904இல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் போட்டார். அப்படியும் காம்போதியின் அந்த நிஷாதத்தைக் குரு பாடிக் காட்டித்தான் பிடிக்க முடியும்.