லோனியின் திரிகோணகணிதமும் சர்வசமன்பாடுகளும்

எஸ். எல். லோனி இயற்றிய தளத் திரிகோணகணிதம் 1893 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கும்பகோணத்திற் பள்ளி மாணவனாயிருந்த இராமானுசன் பயின்ற நூல் அஃதென்பது பலரும் அறிந்ததே. அதன் சிறப்பை மறுப்பாரிலர். எனினும், அடிப்படைச் சர்வசமன்பாடுகளை அது மாணவர்முன் வைக்கும் முறை ஆராய்தற்குரியது.

லோனி முதலிற் கூர்ங்கோணத்தையே கொள்கிறார். செங்கோண முக்கோணியின் பக்கவிகிதங்களாகச் சைன், கோசைன் முதலியவற்றை வரையறுத்து, பைதகரசின் தேற்றத்தைத் துணைக்கொண்டு, சைனின் வர்க்கமும் கோசைனின் வர்க்கமும் கூடி ஒன்றாதலைக் காட்டுகிறார். அதனைக் கோசைனின் வர்க்கத்தால் வகுப்பின் தான்சனுக்கும் சீக்கனுக்கும் உள்ள தொடர்பு பிறக்கும். சைனின் வர்க்கத்தால் வகுப்பின் மற்றையது பிறக்கும். மூன்றும் ஓருண்மையே. மூன்று வாய்பாடுகளென மனனஞ் செய்வார் இதனைக் காணார். 90° இற் கோசைன் பூச்சியமாதலின் இரண்டாவது தொடர்பு அங்கே பொருளிழக்க, முதலாவது நிலைபெறுவதையுங் காணார்.

இதனையடுத்து, நிறுவுக என்னும் பயிற்சிகள் நிரைநிரையாக வருகின்றன. அங்கே செய்துகாட்டப்பெற்ற உதாரணமொன்றை நோக்குக. ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்துவந்ததை, ஒன்றோடு கோசைனைக் கூட்டிவந்ததால் வகுத்து வர்க்கமூலங் காணின், கோசீக்கனிலிருந்து கோதான்சனைக் கழித்தது வரும் என்பது அது. கோணம் 270° ஆயின் என்னாகும்? கோசைன் பூச்சியம், எனவே இடப்பக்கம் 1. கோசீக்கன் −1, கோதான்சன் பூச்சியம். எனவே வலப்பக்கம் −1. எல்லாக் கோணங்கட்கும் பொருந்துவதே சர்வசமன்பாடெனின், இது அதுவன்று. சைன் நேர்க்குறி பெறுமிடத்து மாத்திரமே மெய்யாவது.

அவ்வதிகாரத்திற் கோணம் கூர்ங்கோணமாதலின், லோனி தவறினாரல்லர். ஆயினும் குறிகளைப் பற்றிய அதிகாரம் பின்னரே வருகின்றது. அதற்குள் மாணவனோ, வர்க்கமூலத்தைக் குறியை நோக்காது எடுக்கப் பழகிவிடுகிறான். இருபக்கங்களையும் வர்க்கித்து, மெய்யானதொன்றை அடைந்ததும் நிறுவிவிட்டதாக எண்ணுகிறான். 1 உம் −1 உம் வர்க்கிக்கப்படின் சமமாதலை அவன் நினைப்பதில்லை.

ஆரை 1 ஆகவுள்ள வட்டத்தில் ஒரு புள்ளியின் ஆள்கூறுகளாகக் கோசைனையும் சைனையும் முதலிலேயே காட்டின், குறியும் உடன்வரும். முக்கோணியோ பனையின் உயரத்தை அளக்கப் போதும், சர்வசமன்பாட்டுக்குப் போதாது. லோனியின் ஒழுங்கையே பின்பற்றும் ஆசிரியர், குறிகளைக் கற்பித்து முடிந்தபின் மேற்கூறிய உதாரணத்துக்கு மாணவரை மீட்டும் அழைத்துச்சென்று, 270° ஐப் பிரதியிடச் செய்தல் வேண்டும்.