மாணவர் கட்டுரையும் ஆய்வு நெறியும்

கட்டுரை என்னும் ஒரே பெயரால் இருவேறு எழுத்து வகைகளை நாம் வழங்கி வருகின்றோம். பலரும் ஒப்புக்கொண்ட கருத்தொன்றை அழகுபட விரித்துரைப்பது ஒரு வகை. வினாவொன்றை எழுப்பி, சான்றுகளைத் திரட்டி, பிறர் கொள்கைகளை எடையிட்டு, ஒரு முடிவை நிறுவுவது மற்றொரு வகை. முன்னையதைப் பள்ளிக் கட்டுரை என்றும், பின்னையதை ஆய்வுக் கட்டுரை என்றும் கூறலாம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பயிலும் நம் மாணவர்கள் முன்னையதில் பல ஆண்டுகள் பழகுகின்றனர். பின்னையதன் பயிற்சியோ பெரும்பாலும் பல்கலைக் கழக வாயிலை மிதித்த பின்னரே தொடங்குகின்றது. உயர்கல்வி மாணவர் எழுத்திற் காணும் குறைகள் பலவற்றுக்கும் இவ்விடைவெளியே காரணம் என்பது என் துணிபு.

பள்ளிக் கட்டுரையின் அமைப்பை ஆசிரியர் யாவரும் அறிவர். முன்னுரையில் ஒரு திருக்குறள். பத்திதோறும் ஒரு பழமொழி அல்லது மரபுத்தொடர். முடிவுரையில், ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று தொடங்கும் ஓர் அறிவுரை. மொழிவளத்தை அளந்தறிய இது போதும். ஆயின், இதனால் விளையும் தீங்கொன்று உண்டு. குறள் ஒன்றை எடுத்தாண்டதும் தன் கருத்து நிறுவப்பட்டதாக மாணவன் எண்ணி விடுகின்றான். இளைஞரிடையே வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று எழுதுகின்றான். எவ்வூர் இளைஞர், எந்த ஆண்டினும் குறைவு, கணக்கிட்டவர் யார் என்னும் வினாக்கள் அவன் உள்ளத்தில் எழுவதில்லை. கல்வியைப் போற்றும் குறள், வள்ளுவர் கல்வியை எவ்வாறு மதித்தார் என்பதற்குச் சான்றாகும். இன்றைய இளைஞர் படிக்கின்றனரா இல்லையா என்பதற்குச் சான்றாகாது. இதில் மாணவனை மட்டும் நொந்து பயனில்லை. நாம் எதற்கு மதிப்பெண் வழங்குகின்றோமோ அதனையே அவன் எழுதுகின்றான்.

இக்குறைக்கு மருந்து மேலைநாட்டு நூல்களில் மட்டுமே உண்டு என்று கருத வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் தொகுத்துரைத்தார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்பன அக்குற்றங்களுட் சில. விடைத்தாளின் ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று பொதுப்பட எழுதுவதினும், இவற்றுள் பொருந்தும் ஒன்றைக் குறிப்பின், எதைத் திருத்த வேண்டும் என்பது மாணவனுக்கு விளங்கும். இவற்றினும் ஆய்வெழுத்துக்கு மிகவும் வேண்டுவது அப்பாயிரமே கூறும் எழுவகை மதம். பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகள் அவை. உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டாற் போல நின்று, பின்னர்க் களையலாம், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணியலாம், தானே ஒரு கொள்கையை நாட்டி நிறுவலாம். ஆய்வெழுத்தின் அடிப்படை இதுவே.

இதனை மாணவர்க்கு அண்மையிலுள்ள பொருள்களைக் கொண்டே விளக்கலாம். ‘பிரிக்பீல்ட்ஸ் தமிழரின் தொன்மையான உறைவிடம்’ என்று மாணவன் ஒருவன் எழுதுவதாகக் கொள்வோம். தொன்மை என்பது எத்துணைத் தொன்மை? 1881 ஆம் ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் சீரழிந்தது. மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகள் நீங்கிச் செங்கற் கட்டடங்கள் எழுந்தது அதன் பின்னரே. அவற்றுக்குச் செங்கல் அறுத்த சூளைகளால் அமைந்தது பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர். இலங்கைத் தமிழர் முயற்சியால் அங்கு விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது 1904-இல். ஆகவே, ‘இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொது நிறுவனம் ஒன்றை அமைத்துப் பேணும் அளவுக்கு இங்குத் தமிழர் நிலைபெற்றிருந்தனர்’ என்று எழுதுவது பொருந்தும். அவர்கள் எத்துணைப் பேர், எத்தொழிலினர் என்பனவற்றை ஆசிரமத்தின் ஆண்டு கூறாது. அதற்கு வேறு சான்று தேட வேண்டும். சான்று எவ்வளவு இடந்தருமோ அவ்வளவே கூறுதல் ஆய்வாளனின் முதற் கடமை. அவ்வாறு கூறும் வாக்கியத்தில் ஆரவாரம் குறையலாம், உறுதி மிகும்.

பிறர் மதத்தை எதிர்கொள்ளும் பயிற்சிக்குக் கிள்ளானே தக்க களமாகும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குதல் முதலியன அவர்தம் கோரிக்கைகள். ‘தமிழ் நேசன்’ நாளிதழிற் பணியாற்றியவரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்றவருமான ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இக்கிளர்ச்சிக்குக் காரணம் யாது? தூண்டுவோர் செயல் என்றனர் ஆட்சியினர். அதனை மாணவன் எடுத்த எடுப்பில் வசைபாடி ஒதுக்குதல் ஆகாது. முதலில் ஏற்றுக்கொண்டு பார்க்கட்டும். தூண்டியவர் ஒருவரே காரணமாயின், அவரைச் சிறைப்படுத்தியதும் கிளர்ச்சி ஓய்ந்திருத்தல் வேண்டும். ஆனால், கைதுக்குப் பின்னரே அது மேலும் பரவியது. எனவே, அக்கொள்கை நில்லாது. எனினும், கைதைக் கண்டு தொழிலாளர் கொதித்தெழுந்தனர் என்பதே தலைவர்பால் அவர் கொண்டிருந்த பற்றையும் காட்டுகின்றது. தலைமைக்குப் பங்கே இல்லை என்று கூறவும் இயலாது. இனி, கூலியே காரணம் என்பாரும் தன்மானமே காரணம் என்பாரும் மாறுபடுவராயின், கோரிக்கைகளே விடை தரும். கூலியும் மிதிவண்டியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வாறு படிப்படியாக எண்ணி எழுதும் ஒரு பக்கம், ‘நம் முன்னோர் பட்ட துன்பம் சொல்லொணாதது’ என்று எழுதும் பத்துப் பக்கத்தினும் அம்முன்னோர்க்குச் செய்யும் மேலான சிறப்பாகும்.

நம் மரபைப் போற்றும் வேளையில் அதன் குறையொன்றையும் காணுதல் வேண்டும். பரிமேலழகர் முதலிய உரையாசிரியர் பிறர் உரையை எடுத்துக்காட்டி நுட்பமாக மறுத்தனர். ஆயின், மறுக்கப்பட்டவர் பெயரைப் பெரும்பாலும் கூறாது விடுத்தனர். அவர் காலத்துக் கற்றோர்க்கு அது விளங்கியிருக்கலாம். இன்றைய மாணவன் ‘அறிஞர் சிலர் கூறுவர்’ என்று எழுதினால், அறிஞர் யாவர், எந்நூலில், எப்பக்கத்தில் என்று தேட வழியில்லை. இவ்வகையில் பின்பற்றத் தக்கவர் உ. வே. சாமிநாதையர். 1894-இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பின் முகவுரையில், தாம் ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகள் எவை, அவற்றுட் குறையுடையன எவை என்று அவர் விளக்கினார். இரவல் வாங்கிய அறிவை இரவல் என்று சொல்வதால் எழுதுவோன் சிறுமையடைவதில்லை. படிப்போனின் நம்பிக்கையைப் பெறுகின்றான்.

கருவி நூல்கள் இல்லை என்றும் நாம் கூற இயலாது. 1960களில் மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர் தனிநாயக அடிகளார். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்த 1966-இலேயே, தமிழாய்வுக்குரிய நூல்களைத் தொகுத்துக் காட்டும் வழிகாட்டி நூலொன்றும் அவர் பதிப்பில் வெளிவந்தது. இராம சுப்பையா மலேசிய, சிங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு 1969-இல் ‘தமிழ் மலேசியானா’வை அளித்தார். 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ இதழ்களோ ஒரு நூற்றாண்டு வாழ்வின் சான்றுகள். எனினும், அடிகளாரின் பெரும் ஆய்வுகள் ஆங்கிலத்திலேயே அமைந்தன என்பதையும் நாம் மறத்தல் கூடாது. உலகோர்க்குத் தமிழை உணர்த்த அது வேண்டியிருந்தது. தமிழிலேயே வாதிட்டு நிறுவும் உரைநடையை வளர்க்கும் பொறுப்பு நமக்கு உரியது. அதனை நாம் செய்யாவிடின், வாழ்த்தவும் பாடவும் தமிழ் போதும், ஒன்றை நிறுவிக் காட்ட வேண்டின் மலாய்மொழியோ ஆங்கிலமோ வேண்டும் என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றிவிடும். பின்னர் அதனைக் களைதல் அரிது.

ஆசிரியப் பெருமக்கள் தவணைக்கு ஒரு கட்டுரையையேனும் இம்முறையில் எழுதுவிக்கலாம். இரண்டு பக்கம் போதும். நீ கூறுவது யாது, அதனை எவ்வாறு அறிந்தாய், மாறாகக் கூறுவோர்க்கு உன் விடை யாது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்துத் திருத்துக; திருத்தியதை மாணவனே மீண்டும் எழுதிவரச் செய்க. முதற்படியில் விளங்காத குறை இரண்டாம் படியில் அவன் கண்ணுக்கே புலப்படும். சொல்லணிக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைச் சான்றுக்கு அளித்துப் பாருங்கள். ஈராண்டில் மாணவர் எழுத்தின் போக்கே மாறக் காண்பீர்கள்.